ஐந்தின் மேல் ஒரு புள்ளி

பெரிய காஞ்சிபுரம்,
3 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜோஹராவுக்கு,

வீட்டில் தொலைபேசி இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்கலாம். உன்னிடம் தொலைபேசியில் பேசுவதும் கோயில் தூணிடம் பேசுவதும் இப்போது ஒன்றாகிவிட்டது. தூணாவது எதைக் கேட்டாலும் "ஆமாமா, ஆமாமா" என்று சொல்லாது.

என் வீட்டுக்காரருடைய வருஷ திவசத்துக்கு வருவாயா என்று கேட்டேன். ஆமாமா என்றாய். ரயிலா, பஸ்ஸா என்று கேட்டேன். அதற்கும் ஆமாமா. எதற்கும் இருக்கட்டும் என்று விக்னேஷை பஸ் நிலையத்துக்கு அனுப்பினேன். என் மகன் கடையைச் சாத்திவிட்டுப் போய், ஒவ்வொரு பெங்களூர் வண்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். வெயில் ஏறிய பிறகு வந்து, "ஜோஹராம்மா வரலைமா, நீ இலையப் போடு" என்றான். படைத்த சோறு நீ சாப்பிடமாட்டாய் என்று உனக்காகப் படைப்பதற்கு முன்பே தனியாக எடுத்து மூடி வைத்திருந்தேன். அதைச் சாயங்காலம் நானே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

வர முடியாவிட்டால் முடியாது என்று சொல்லலாம். கேட்ட கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் பெர்னதெத் நம்மைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்திக் கற்றுக்கொடுத்தார்?

இந்த வீட்டில் பேசாத பொருள் கிடையாது. வாஷிங் மெஷின் வேலை முடிந்தால் பாட்டுப் பாடுகிறது, துணி துவைத்ததற்கு என்னமோ பட்டாபிஷேகம் நடந்த மாதிரி. ஃப்ரிட்ஜைத் திறந்து எதை எடுக்க வந்தோம் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் கூச்சல் போடுகிறது. எல்லாவற்றிலும் ஒரு நீல விளக்கு. சுவிட்ச் போர்டில், இன்வெர்ட்டரில், பல் தேய்க்கும் பிரஷ் வைக்கும் டப்பாவில்கூட. பேச வேண்டியவள் நீ ஒருத்திதான் பேசுவதில்லை.

புது அடுப்பு வந்திருக்கிறது. வெறும் கறுப்புக் கண்ணாடி. திருகு இல்லை, பொத்தான் இல்லை. "சும்மா தொட்டா போதும் அத்தை" என்கிறாள் என் மருமகள் சங்கீதா. எங்கே தொட்டால் என்பதுதான் கேள்வி. போன வாரம் ரசத்தைக் கொதிக்கவிட்டு அணைப்பதற்கு இடம் தெரியாமல் பாத்திரத்தைத் தூக்கித் தரையில் வைத்தேன்.

கடையிலும் விக்னேஷ் புது எல்.ஈ.டி. விளக்கு போட்டிருக்கிறான். அந்த வெளிச்சத்தில் நான் பார்த்துக் கொடுத்த அரக்குப் பட்டு நூலில் இரண்டு கட்டு வேறு சாயமாம். தறியில் இரண்டு முழம் ஓடிய பிறகு நெய்கிற கந்தன் வந்து, "இன்னாமா, கரையில பாதி அரக்கா இருக்குது, பாதி செங்கல்லு மாதிரி இருக்குது" என்று நிற்கிறான். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் சாயம் பார்ப்பவள் நான்தான். விளக்கின் கோளாறு, என்னுடையதல்ல என்று சொல்லி அனுப்பினேன்.

இந்த வயதில் நான் புதிதாக ஒரு சிநேகிதியைத் தேடிக்கொள்ள முடியாது. பழைய சிநேகிதிக்கு நான் சலித்துவிட்டேன் என்றால் அதை எழுதிவிடு. முழு வாக்கியத்தில்.

இந்திராணி


பெங்களூர்,
11 பிப்ரவரி 2025

இந்திராணிக்கு ஜோஹராவின் சலாம்.

உன் கடிதம் வந்தது. அடிக்கோடுகளும் வந்தன. தாள் கிழியாமல் வந்ததே பெரிய விஷயம்.

எனக்கு முழங்கால் வலித்தது. வசீமுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. இரண்டும் முழு வாக்கியம், பார்த்துக்கொள்.

விக்னேஷ் வெயிலில் நின்றது எனக்கு மனசு கேட்கவில்லை. அவனிடம் என் துவாவைச் சொல்.

இங்கே ஒரு நல்ல சேதி. என் பழைய காது மெஷின் உனக்குத் தெரியுமே, அந்தப் பெட்டி, அது போன ஆடி வாக்கில் உயிரை விட்டது. வசீம் புதுசு வாங்கிக் கொடுத்திருக்கிறான். மல்லிகை மொட்டு அளவுதான். காதுக்குள் போய்விட்டால் வெளியே ஒன்றுமே தெரியாது. போன மாதம் ஒரு நிக்காஹுக்குப் போயிருந்தோம். என் பஹு, வசீம் பெண்டாட்டி அம்பரீன், என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மி, உங்களுக்குக் காது கேக்காதுன்னு சத்தியமா யாருக்கும் தெரியலை" என்றாள். எனக்குக் காது போன நாளிலிருந்து, இந்தப் பொம்பளை செவிடு என்று யாரும் நினைக்காமல் ஒரு விருந்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பிரியாணி தனி ருசியாக இருந்தது.

சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒன்றும் கிடையாது. எல்லாம் செல்போனில் படம் பார்த்துத் தட்டுவது. வசீம் ஆபீசிலிருந்து வந்து தட்டித் தருவான். நல்ல பிள்ளை.

உன் அடுப்பைப் பற்றி என்ன சொல்ல. கண்ணாடியைத் துடைப்பது சுலபமாயிற்றே.

ஜோஹரா


பெரிய காஞ்சிபுரம்,
20 பிப்ரவரி 2025

ஜோஹரா,

முழங்கால் வலிக்காரி நிக்காஹுக்குப் போய் பிரியாணி சாப்பிட்டிருக்கிறாய். இருக்கட்டும்.

உன் பழைய பெட்டி போய்விட்டது என்று படித்ததும் எனக்கு ஏதோ தெரிந்தவர் போன மாதிரி இருந்தது. தீப்பெட்டி இரண்டைச் சேர்த்து வைத்த அளவு. ரவிக்கையில் குத்தியிருப்பாய், அதிலிருந்து காதுக்கு ஒரு வெள்ளை ஒயர். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பட்டுப் புடவைக்காரிகள் யாராவது உன்னைக் கட்டிக்கொண்டால், ஜரிகை அதன் மேல் உரசி, "தள்ளிப் போடி, காதுல கருங்கல் ஜல்லி கொட்டுது" என்று அலறுவாய். பக்கத்தில் பல்சக்கரம் மாதிரி ஒரு திருகு இருக்கும். இரைச்சல் என்றால் விரலாலேயே குறைப்பாய். என் நாத்தனார் தன் மாப்பிள்ளை பெருமையை ஆரம்பித்தால், அவள் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டே குறைப்பாய். நான் ஒருத்திதான் அதைக் கவனிப்பேன்.

மேலே ஒரு சின்ன நகர்த்தி. அதில் 'டி' என்ற எழுத்து. தொலைபேசி வந்தால் அந்தப் பக்கம் தள்ளுவாய். அப்போது வெளிச்சத்தம் எல்லாம் நின்றுபோய், போனில் பேசுகிறவர் குரல் மட்டும் கம்பி வழியாகக் காதுக்குள் வரும் என்று சத்தார் பாய் விளக்கிச் சொன்னார். உன் வீட்டுக்காரருக்கு ரேடியோக் கடை வைத்திருந்த கை சும்மா இருக்காதே. கூடத்தின் நான்கு சுவரையும் சுற்றி ஒரு ஒயரை ஓட்டி அதை டி.வி.யோடு இணைத்துவிட்டார். தெரு முழுக்கத் தறிச் சத்தம், டி.வி. ஊமை, நீ மட்டும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பாய். என் மாமியார் ஒருநாள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து, "அந்தப் பொண்ணு ஒண்டியா சிரிச்சிக்கினு இருக்குது, எதுவோ காத்து பட்டுக்குது" என்று வேப்பிலைக் கொத்தோடு கிளம்பினார். சத்தார் பாய் அவரை உள்ளே உட்காரவைத்து, உன் பெட்டியைக் கழற்றி அவர் காதில் வைத்தார். மறுநாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு அவர் உன் வீட்டுக்கு வந்துவிடுவார். பாதி நேரம் ஒயர் உன் காதில், பாதி நேரம் அவர் காதில்.

அந்தப் பெட்டியைப் பார்த்தவர்கள் உனக்கு எதிரே வந்து நின்று நிறுத்திப் பேசினார்கள். காய்கறிக்காரி முதல் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா வரை. இப்போது உன் காதில் இருப்பது யாருக்கும் தெரியாது. அதனால் நீ பதில் சொல்லாவிட்டால் இவளுக்குக் கர்வம் என்றுதான் நினைப்பார்கள். நானே அப்படித்தான் நினைத்தேன். எத்தனையோ வெள்ளிக்கிழமை போன் செய்து, பாதியில் வைத்துவிட்டு, இனி இவளைக் கூப்பிடுவதில்லை என்று சபதம் செய்திருக்கிறேன்.

நேராகக் கேட்கிறேன். உன் மல்லிகை மொட்டில் அந்த 'டி' இருக்கிறதா? நான் போனில் பேசுவது உனக்குக் கேட்கிறதா? காதுதான் காரணம் என்றால் காது என்று எழுது. நான்தான் காரணம் என்றால் அதை எழுது. இரண்டில் ஒன்று எனக்குத் தெரிய வேண்டும்.

இந்திராணி


பெங்களூர்,
6 மார்ச் 2025

இந்திராணிக்கு,

காது.

நோன்பு வைத்துக்கொண்டு பொய் சொல்லக்கூடாது. போனைக் காதருகே கொண்டுபோனாலே மொட்டு 'கீ' என்று கத்துகிறது. தள்ளிப் பிடித்தால் உன் குரல் கிணற்றுக்குள் கல் விழுகிற மாதிரி. நீ பேசுகிறாய் என்று தெரியும், என்ன பேசுகிறாய் என்று தெரியாது. மனுஷர்கள் கேட்கிற முக்கால்வாசிக் கேள்விக்கு ஆமாம்தான் பதில், அதனால் ஆமாமா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திவசம் என்றைக்கு என்பதே உன் கோபக் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். மாணிக்கவேல் அண்ணனுக்கு ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று நானே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

வசீமிடம் எப்படிச் சொல்வேன்? அம்மியை யாரும் செவிடி என்று சொல்லக்கூடாது என்று தேடித் தேடி வாங்கியிருக்கிறான். தினமும் ராத்திரிச் சாப்பாட்டில், "நல்லாக் கேக்குதா அம்மி?" என்கிறான். ஆமாமா என்கிறேன்.

சரி. இப்போது என் முறை.

உன் இரண்டு கடிதத்தையும் ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நீ. சிஸ்டர் உன் நோட்டைத்தான் மற்ற வகுப்புகளுக்கு எடுத்துப் போவார். இப்போது உன் வரிகள் மலை ஏறுகின்றன. எழுத்து ஒவ்வொன்றும் கடைப் பலகை மாதிரி. ஓர் இடத்தில் வரியின் மேலேயே இன்னொரு வரி எழுதியிருக்கிறாய், அதை நீ பார்க்கவில்லை. அடுப்பில் தொட இடம் தெரியவில்லை. அரக்கு செங்கல்லாகிவிட்டது. விளக்கின் கோளாறு என்கிறாய்.

என் வீட்டுக்காரர் கடையில் என்ன சொல்வார், நினைவிருக்கிறதா? "ஒரே வூட்டுல மூணு சாமான் கெட்டுப்போச்சின்னா சாமானப் பாக்காதே, மெயின் லைனப் பாருபா."

உன் மெயின் லைனுக்கு என்ன, இந்திராணி?

ஜோஹரா


பெரிய காஞ்சிபுரம்,
18 மார்ச் 2025

ஜோஹராவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மிகுந்த கோபத்தோடு இரண்டு பக்கம் எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படிக்க முடியவில்லை. அதனால் கிழித்துவிட்டேன்.

விழித்திரையின் நடுவில் கோளாறு. சென்னையில் ஒரு டாக்டரிடம், பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரியை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கடன் கொடுத்த காசை வாங்கப் போகிறேன் என்று வீட்டில் ஏதோ சொன்னேன். நடுவில் இருப்பது மறையும், ஓரம் தெரியும் என்றார். உடல் போய்க் கரை மட்டும் மிஞ்சின புடவை மாதிரியா என்று கேட்டேன். அந்த டாக்டர் பையன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ஆமாம் என்றான். முழுக் குருடாகிவிட மாட்டேனாம். படிப்பதும் எழுதுவதும்தான் போகும். இந்த வருஷக் கடைசிக்குள் என்றான்.

விக்னேஷுக்குத் தெரியாது. இனிமேல் சாயத்தை நீயே பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். அம்மாவுக்கு விளக்கு விஷயத்தில் இன்னும் கோபம் என்று நினைத்துக்கொண்டு, வாங்கிப் போட்ட புது விளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு மஞ்சள் விளக்காக மாற்றியிருக்கிறான். "இப்போ பாரும்மா, அசல் சாயம் தெரியுது பாரு" என்று பட்டை என் கையில் கொடுக்கிறான். தெரிகிறது என்றேன். நானும் ஆமாமாக்காரியாகிவிட்டேன்.

யோசித்துப் பார். என் கண் போனால் கடிதம் இல்லை. உன் காதால் தொலைபேசி இல்லை. நீ பெங்களூரில் இருக்கிறாய், நான் இங்கே இருக்கிறேன், இருவருக்கும் முழங்கால் இல்லை. அப்புறம் நமக்குள் என்ன மிச்சம்? சங்கீதா படித்துக் காட்டட்டும் என்பாய். நல்ல பெண்தான். ஆனால் நீ என் நாத்தனாரைப் பற்றி எழுதுவதையெல்லாம் மருமகள் வாயால் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

எனக்காக ஒன்று செய். மொட்டு வாங்கின கடைக்குப் போ. 'டி' வைத்த கருவி இன்னும் இருக்கிறதா என்று கேள். பெட்டியாக இருந்தாலும், வெளியே தெரிந்தாலும் வாங்கிப் போட்டுக்கொள். வெட்கமாக இருக்கும். எனக்காகக் கொஞ்சம் வெட்கப்படு.

இந்திராணி


பெங்களூர்,
5 ஏப்ரல் 2025

இந்திராணிக்கு,

பெருநாள் முடிந்த மறுநாளே போனேன். கடையில் அஞ்சும் என்று ஒரு பெண். நம் ஆற்காட்டுப் பக்கத்து உர்தூ பேசினாள், அதனால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மொட்டில் 'டி' இல்லை. "இதுக்குள்ள அதுக்கான கம்பிச் சுருள் வெக்க இடமே இல்ல ஆன்ட்டி, அவ்ளோ சின்னது" என்றாள்.

"சின்னதா வேணும்னு நானா கேட்டேன்?"

"எல்லாரும் கேக்கறாங்களே. வர்றவங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான், வெளிய தெரியுமா, தெரியாதா? கேக்குமான்னு ரெண்டாவதாத்தான் கேக்கறாங்க."

பிறகு ஒரு டப்பாவைத் திறந்தாள். காதுக்குப் பின்னால் மாட்டுவது, முந்திரிப் பருப்பு அளவு. அமுக்கினால் 'டக்' என்று விரலுக்குத் தெரிகிற பொத்தான் ஒன்று அதில் இருக்கிறது. நீ சொன்ன 'டி'யும் உள்ளே இருக்கிறது. "ஆனா நாங்க அதை ஆன் பண்ணித் தர்றதில்ல. யாரும் கேக்கறதில்ல" என்றாள்.

"வீட்டுக்குள்ள ஆளை வெச்சிக்கினு வெளிய பூட்டு போட்டுட்டு, உள்ள யாருமில்லன்றியா மகளே?" என்றேன். சிரித்துவிட்டாள். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிப் பூட்டைத் திறந்துவிட்டாள்.

என்ன நிறம் வேண்டும் என்றாள். தோல் நிறம் இருக்கிறதாம், தலைமுடி நிறம் இருக்கிறதாம். யார் தோல், யார் முடி? நம் முடி இப்போது என்ன நிறம்? வேறு என்ன இருக்கிறது என்றேன். தயங்கித் தயங்கிச் சின்னப் பிள்ளைகளுக்கான டப்பாவை எடுத்தாள். சிவப்பு வாங்கிக்கொண்டேன்.

வசீம் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "யாரும் உங்களை ஒரு மாதிரி பாக்கக்கூடாதுன்னுதானே அம்மி தெரியாத மாதிரி வாங்கினேன்" என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பாக்கட்டும் பேட்டா. பாக்காததுனாலதான் இந்திராணி என் கூடப் பேசறதை நிறுத்தப் பார்த்தா" என்றேன். உன் பெயரைச் சொன்னதும் அடங்கிவிட்டான். நீ ஒருமுறை அவனை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னது இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது.

சுருள் ஒயர் வைத்த பழைய மாதிரி டெலிபோன் இருந்தால் இன்னும் தெளிவாக விழும் என்று அஞ்சும் சொன்னாள். வசீம் எங்கேயோ அலைந்து ஒன்று கொண்டுவந்து மாட்டியிருக்கிறான். நம்பர் கீழே பெரிதாக எழுதியிருக்கிறேன்.

ஆனால் உடனே கூப்பிடாதே. நான் சிவப்பு மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கிறேன். நீ முதலில் விக்னேஷிடம் சொல். சொல்லாமல் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன். சத்தியம்.

ஜோஹரா


பெரிய காஞ்சிபுரம்,
18 ஏப்ரல் 2025

ஜோஹராவுக்கு,

நீ மிரட்டியதால் சொன்னேன். புது வருஷத்தன்று மத்தியானம், கடை மூடியிருந்தபோது. விக்னேஷ் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். திரும்பி வந்து, "ஏம்மா, எனக்கு முன்னாடி புவனேஸ்வரி அக்காக்கு சொல்லிக்கினியா?" என்றான். அது ஒன்றுதான் அவனுக்கு ஆறவில்லை. பிறகு அந்த மஞ்சள் விளக்குகளைப் பற்றி நினைத்துக்கொண்டு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.

சங்கீதா அடுப்பருகே போய் ஏதோ செய்துகொண்டிருந்தாள். என் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கண்ணாடி மேல் வைத்தாள். தொட வேண்டிய இடங்களில் எல்லாம் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறாள். அணைப்பதற்குப் பெரிய பொட்டு, கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் சின்னப் பொட்டு. "இத்தை அந்தக் கம்பெனிக்காரனே செஞ்சிருக்கலாம் இல்ல அத்தை?" என்கிறாள். என் அலமாரியில் ஒரு முழு அட்டை பொட்டு கிடந்தது. அவர் போன பிறகு நான் அந்தப் பக்கம் கையே கொண்டுபோகவில்லை. அதை எடுத்து அவளிடம் கொடுத்தேன். வாஷிங் மெஷினுக்கும் ஒட்டச் சொன்னேன்.

செல்போன் எனக்கு இனி உதவாது, வழவழப்பாக இருக்கிறது. பழைய டெலிபோனில் ஐந்தாம் எண்ணின் மேல் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கிறது, நீ கவனித்திருக்கிறாயா? கடுகு அளவுதான். இத்தனை வருஷம் அதைத் தொட்டும் தொடாமலும் எண் அழுத்தியிருக்கிறேன். இப்போது கட்டைவிரலை அதில் வைத்துவிட்டால் மற்ற எண்கள் எங்கே இருக்கின்றன என்று கைக்குத் தெரிகிறது. எவரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து என்னை நினைத்து வைத்த மாதிரி இருக்கிறது. உன் நம்பரை மனப்பாடம் செய்து, கண்ணை மூடிக்கொண்டு பழகிப் பார்த்தேன். ஒருமுறை யாரோ மளிகைக் கடைக்காரர் எடுத்தார். மற்றபடி சரியாக வருகிறது.

25ஆம் தேதி வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். உன் தொழுகைக்கு முன்பே முடித்துவிடலாம். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஆமாமா என்று ஒருமுறை சொன்னாலும் நான் வைத்துவிடுவேன்.

எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. இதை எழுதி முடிக்க நான்கு நாள் ஆயிற்று. வரிகள் நேராக இருக்கின்றனவா?

இந்திராணி


பெங்களூர்,
26 ஏப்ரல் 2025

இந்திராணி,

பெரிய எழுத்தில், ஸ்கெட்ச் பேனாவில் எழுதுகிறேன். பக்கத்துக்கு மூன்று வரிதான் வருகிறது. சங்கீதாவிடம் கொடுக்காதே. நீயே படி.

நேற்று எல்லாம் கேட்டது. ஒரு வார்த்தை விடவில்லை.

மாணிக்கவேல் அண்ணன் கடைசி நாள் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, நடுவில் நிறுத்தினாய். அதுவும் கேட்டது.

"லைன் சரியில்லை, கொஞ்சம் அப்படியே இரு" என்று நான்தான் சொன்னேன்.

லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஜோஹரா